நிலமா, வித்தா? ‘இனம்’ என்னும் கருத்தின் பிறப்பு

இனவேற்றுமை பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளுக்கு ஓர் அமைப்பு ஏற்கெனவே வகுக்கப்பட்டுவிட்டது. திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 13ஆம் வசனத்தில் அவை தொடங்கும். இறுதி ஹஜ்ஜுப் பேருரையை நினைவூட்டும். பாங்கொலித்த பிலால் (ரலி) அவர்களைக் காட்டும். 1964இல் மால்கம் எக்ஸ் மக்காவிலிருந்து எழுதிய கடிதத்தோடு நிறைவுறும். இடையே அடிமைக் கப்பல்களும் தென்னாப்பிரிக்காவும் வந்து செல்லும். சொல்லப்படுபவை யாவும் உண்மையே. ஆயினும் இனம் என்ற கருத்து எங்கே, எப்போது, எதன் பொருட்டுப் பிறந்தது என்பதை அவற்றைப் படித்து முடித்த வாசகர் அறிந்திருக்க மாட்டார். தீமை பிறருடையது, நன்மை நம்முடையது என்ற ஆறுதலே அவரிடம் எஞ்சியிருக்கும்.

இதற்கு மறுமுனையில் பெர்னார்ட் லூயிஸ் நிற்கிறார். 1971இல் இஸ்லாத்தில் இனமும் நிறமும் பற்றி ஒரு சிறுநூல் எழுதிய அவர், 1990இல் அதனை விரித்து, மத்தியக் கிழக்கில் இனமும் அடிமைமுறையும் என்ற பொருளில் வெளியிட்டார். டாயின்பீயும் மால்கம் எக்ஸும் கண்ட நிறபேதமற்ற இஸ்லாமிய உலகம் ஒரு கற்பனை என்பது அவருடைய வாதம். அரபுக் கவிதை, பழமொழி, பயணக் குறிப்பு, அடிமை வாங்குவோருக்கான கையேடு ஆகியவற்றிலிருந்து கறுப்பரை இழித்துரைக்கும் பகுதிகளை அவர் திரட்டித் தருகிறார். அவருடைய அரசியலை நாம் அறிவோம். அதனைக் காரணங்காட்டி அவர் முன்வைக்கும் சான்றுகளை ஒதுக்கிவிடுவது கல்விக்கு அழகன்று. அவை நம் நூல்களில் உள்ளவையே.

இரு தரப்பும் ஒரு பிழையைப் பகிர்ந்துகொள்கின்றன. இகழ்ச்சி இருந்த இடமெல்லாம் இனம் இருந்தது என்று எண்ணும்படி லூயிஸின் தொகுப்பு அமைந்திருக்கிறது. வேதம் தடுத்த இடத்தில் அது இருந்திருக்கவே முடியாது என்று நம்மவர் கட்டுரைகள் எண்ணுகின்றன. இனம் என்ற சொல்லின் பொருள் என்றும் ஒன்றாகவே இருந்துவந்தது போல இரண்டும் பேசுகின்றன.

அச்சொல்லின் வரலாற்றைத் தமிழிலேயே தொடங்கிப் பார்க்கலாம். திருக்குறளின் 46ஆம் அதிகாரத்துக்குச் ‘சிற்றினம் சேராமை’ என்று பெயர். அங்கே இனம் என்பது ஒருவன் சேர்ந்து பழகும் கூட்டம். அதில் சேரலாம், சேராது விலகலாம். அறிவுடையோன் ஆராய்ந்து தேர்ந்துகொள்ள வேண்டியது அது. இன்றோ அதே சொல், பிறந்தவர் விலகவே இயலாத ஒன்றைக் குறிக்க ஆளப்படுகிறது. ஒரு சொல்லுக்குள் நேர்ந்த இந்த மாற்றமே நாம் ஆராயப் புகும் பொருளின் சாரம்.

அந்நியரை இகழ்வது மனித சமூகத்தின் அளவுக்குப் பழைமையானது. ஆனால் பழைய இகழ்ச்சிகளுக்கு வெளியேறும் வாசல்கள் இருந்தன. இகழப்பட்டவர் சமயம் மாறலாம். ஆள்வோர் மொழியைக் கற்கலாம். உரிமையிடப்பட்டு விடுதலை பெறலாம். வேறு நிலத்தில் குடியேற, அவருடைய பேரர்கள் அந்நிலத்தாராகவே கருதப்படலாம். இவ்வாசல்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டு, இழிவு குருதியிலேயே ஓடுகிறது, அது சந்ததிக்கு மாறாமல் இறங்குகிறது என்று சட்டம் விதித்து, பின்னர் அறிவுத்துறையும் அதற்கு உடன்படும்போதே நாம் இனம் என்று கூறும் கருத்து உருவாகிறது. எந்தச் சமூகம் இகழ்ந்தது என்பதைவிட, எந்தச் சமூகம் எப்போது வாசலை அடைத்தது என்பதே உசாவத்தக்க வினா.

முதலில் நம் நூல்களைப் பார்ப்போம். பஸராவின் பேரெழுத்தாளர் அல்ஜாஹிழ், கறுப்பர் வெள்ளையரிடம் தம் பெருமையை எடுத்துரைப்பதாக ‘ஃபக்ருஸ் ஸூதான் அலல் பீளான்’ என்ற நூலை இயற்றினார். அவருடைய பாட்டனார் கறுப்பர் என்றொரு செய்தியும் உண்டு. நூலில் எவ்வளவு முனைப்பு, எவ்வளவு விளையாட்டு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அல்ஜாஹிழைப் படித்தவர்க்கு இது வியப்பன்று. நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அவருடைய ‘ஸூதான்’ என்ற வகுப்பில் ஸன்ஜியரும் அபிசீனியரும் மட்டுமன்றி சிந்தியரும் இந்தியரும், ஏன், சீனரும்கூட அடங்குவர். இன்று நாம் வரையும் கோடுகள் அங்கே இல்லை. மற்றொன்று, நிறம் தண்டனையன்று, நிலத்தின் விளைவு என்று அவர் வாதிடுகிறார். பனூ ஸுலைம் குலத்தார் வாழும் ‘ஹர்ரா’ என்னும் கரிய எரிமலைக் கற்பூமியை அதற்குச் சான்று காட்டுகிறார். அங்கே குடியேறுவன யாவும் கருமையுறுகின்றன என்பது அவர் கூற்று. அவர் மறைந்த ஹிஜ்ரி 255இலேயே (868–869) அதே பஸராவின் உப்புச் சதுப்புகளில் உழைத்த ஸன்ஜ் அடிமைகளின் கிளர்ச்சி வெடித்து, 883 வரை நீடித்தது. நூலின் பெருந்தன்மையை வியக்கும்போது இதனையும் உடன்வைத்தே எண்ண வேண்டும்.

நூஹ் (அலை) அவர்களின் சாபத்தால் ஹாமின் வழித்தோன்றல்கள் கறுத்தனர் என்ற கதை நம் நூல்களிலும் நுழைந்தது. 9ஆம் நூற்றாண்டின் இப்னு குதைபா அதனை வஹ்பு இப்னு முனப்பிஹின் பெயரால் எடுத்தெழுதினார். 12ஆம் நூற்றாண்டில் இப்னுல் ஜவ்ஸி கறுப்பரின் சிறப்புகள் பற்றித் தாம் எழுதிய நூலில் அது உறுதிப்படாத செய்தி என்று தள்ளினார். அதனை அடியோடு தகர்த்தவர் இப்னு கல்தூன். 1377இல் முகத்திமாவை எழுதிய அவர், பொருள்களின் இயல்பறியாத வம்சவரலாற்றாசிரியரின் கட்டுக்கதை இது என்கிறார். தவ்ராத்தில் சாபம் உண்டு, நிறம் பற்றிய பேச்சில்லை என்று சுட்டிக்காட்டுகிறார். நிறத்துக்குக் காரணம் வெப்பமும் காற்றும் என நிறுவி, தெற்கத்தியர் வடக்கே குடியேறினால் அவர்களுடைய சந்ததி படிப்படியாக வெளுக்கும், வடக்கத்தியர் தெற்கே வந்தால் கறுக்கும் என்று முடிக்கிறார். இன்றைய உயிரியல் இதனை அப்படியே ஏற்காது. ஆனால் ஒரு கருத்தாக இது வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது என்பது வெளிப்படை. குலவழி என்பதே மனத்தின் கற்பிதம், மக்களைப் பிணைப்பதே அதன் பயன் என்றும் அவர் துணிந்து எழுதினார்.

எனினும் அதே நூலில், தெற்கத்திய மக்கள் அடிமைத்தனத்துக்கு எளிதில் பணிவது அவர்களுடைய மனிதத்தன்மை குறைந்து விலங்கியல்பை ஒட்டியிருப்பதால்தான் என்ற பொருளிலும் அவர் எழுதியிருக்கிறார். நம் கட்டுரையாளர்கள் முகத்திமாவைப் பாராட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடுகின்றனர். லூயிஸ் போன்றோர் இதனை விடுவதில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தட்பவெப்பக் கொள்கை இகழ்ச்சியை நீக்கவில்லை, அதனை நிலப்படத்தில் பரப்பியது. துலைத்துலா நகரில் காஜியாக இருந்த ஸாஇத் அல்அந்தலூஸி 1068இல் இயற்றிய ‘தபகாத்துல் உமம்’ நூலில் வடகோடி மக்களும் இகழப்படுகின்றனர். சூரியன் அவர்களுக்குத் தொலைவாகையால் உடல் பருத்து, நிறம் வெளிறி, அறிவு மழுங்கி அறியாமையில் கிடக்கின்றனர் என்கிறார். ஐரோப்பியரைப் பற்றிய வருணனை இது! தெற்கத்தியருக்கும் அவர் கருணை காட்டவில்லை. இகழ்ச்சி இருபுறமும் உண்டு. ஆனால் அது நிலத்தைச் சார்ந்தது, வித்தைச் சார்ந்ததன்று.

இங்கே மொழிபெயர்ப்பு செய்த ஒரு கேட்டையும் சொல்லியாக வேண்டும். பெர்பர்களைப் பற்றிய இப்னு கல்தூனின் வரலாற்றை தெ ஸ்லான் பிரெஞ்சில் 1852 முதல் 1856 வரை வெளியிட்டார். அவர் அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையின் மொழிபெயர்ப்பாளர். நூல் போர் அமைச்சரின் ஆணைப்படி வெளிவந்தது. ‘ஜீல்’, ‘உம்மா’ போன்ற சொற்கள் அம்மொழிபெயர்ப்பில் பல இடங்களில் இனம் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லாக மாறிவிட்டதை அப்துல் மஜீத் ஹன்னூம் 2003இல் விரிவாக எடுத்துக்காட்டினார். தலைமுறை, சமுதாயம் என்றிருந்தவை அரபு இனம், பெர்பர் இனம் என்ற இரு பகைமுகாம்களாயின. அல்ஜீரியாவை ஆளவந்தவர்களுக்கு அந்தப் பிரிவினை பெரிதும் பயன்பட்டது. மூலத்தைக் காணாமல் ஐரோப்பிய மொழிகளின் வழியே இப்னு கல்தூனை அறிந்து, அவரை ‘இனக் கோட்பாட்டாளர்’ என்று புகழ்ந்தும் இகழ்ந்தும் எழுதுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

நம் சட்டநூல்களில் பாதி சாத்தியிருந்த வாசல் ஒன்று உண்டு. திருமணப் பொருத்தமாகிய ‘கஃபாஅத்’தில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் குலவழியையும் கணக்கில் எடுத்தன, அரபுப் பெண்ணுக்கு அரபல்லாதார் நிகரல்லர் என்றன. இமாம் மாலிக் (ரஹ்) மார்க்கப்பற்றையே அளவாகக் கொண்டார். கடற்கரையில் ஷாஃபிஈகளாகவும் உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபிகளாகவும் வாழும் நாம், மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் என்ற பெயர்களோடு பெண் கொடுக்கல் வாங்கலில் நடந்துகொள்ளும் முறையை இறுதிப் பேருரைக்கு அருகில் வைத்துப் பார்ப்பதில்லை.

வாசல் முழுமையாக அடைபட்ட முதல் இடங்களுள் ஒன்று, ஸாஇத் அல்அந்தலூஸி நீதிபதியாக இருந்த அதே நகரம். 1085இல் காஸ்டிலிய மன்னர் கைக்கொண்ட துலைத்துலா, தொலேதோ எனப்பட்டது. ஸ்பெயினில் 1391இல் யூதர்மீது நிகழ்ந்த கொலைத் தாக்குதல்களுக்குப் பின் ஏராளமானோர் கிறித்தவம் தழுவினர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் கல்வியிலும் அரசுப் பணியிலும் உயர்ந்தனர். 1449இல் வரித்தண்டல் ஒன்றை எதிர்த்து தொலேதோவில் கலகம் மூண்டது. நகரைக் கைப்பற்றிய பெரோ சார்மியந்தோவின் தரப்பார், யூத வழிவந்த கிறித்தவர் எவரும் நகரில் பொதுப்பதவி வகிக்கலாகாது என்று சட்டம் செய்தனர். ஞானஸ்நானம் பெற்றிருந்தும் பயனில்லை. குற்றம் நம்பிக்கையில் இல்லை, குருதியில் இருக்கிறது என்றாயிற்று. அவ்வாண்டிலேயே போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலஸ் இதனைக் கண்டித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. கிறித்தவ மறை அதற்கு இடந்தரவில்லை என்பதே அவருடைய நிலை. கண்டனம் நிலைக்கவில்லை. 1547இல் தொலேதோப் பேராலயமே ‘குருதித் தூய்மை’ விதியை ஏற்றுக்கொண்டது. 1555இல் வேறொரு போப்பாண்டவர் அதற்கு இசைவளித்தார். வேதத்தின் சமத்துவம் எழுத்தில் இருக்கும்போதே நடைமுறையில் வாசல் அடைபடக் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நம்மவர் கட்டுரைகள் இதனைக் கருதிப்பார்க்க வேண்டும்.

அடுத்து அது முஸ்லிம்களின் மேல் விழுந்தது. 1492இல் கிரனாடா சரணடைந்தபோது செய்த உடன்படிக்கை, சமய உரிமையை உறுதி கூறியது. பத்தாண்டுகளுக்குள் அது மீறப்பட்டு, 1502இல் காஸ்டிலிய முஸ்லிம்கள் ஞானஸ்நானம் பெறவோ நாட்டை விட்டு நீங்கவோ பணிக்கப்பட்டனர். மாறியோர் ‘மொரிஸ்கோ’ எனப்பட்டனர். 1567இல் அவர்களுடைய அரபுமொழியும் உடையும் குளியல் மனைகளும் தடைசெய்யப்பட்டன. அத்தடையை எதிர்த்து ஃபிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே என்ற முதியவர் கிரனாடாவின் அரச நீதிமன்றத் தலைவருக்கு ஒரு முறையீடு வரைந்தார். நம் மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஆவணம் அது. எங்கள் உடை சமயத்தின் உடையன்று, இந்நாட்டின் உடை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் உடை உண்டு. கிழக்கிலும் மால்டாவிலும் அரபு பேசும் கிறித்தவர்கள் இருக்கின்றனரே என்று அவர் வாதிடுகிறார். இப்னு கல்தூனின் நிலக்கொள்கையே ஒரு கிறித்தவக் குடிமகனின் நாவில் மன்றாட்டாக வந்தது போல் இருக்கிறது. கேட்பார் இல்லை. அல்புஷராத் மலைகளில் 1568 முதல் 1571 வரை கிளர்ச்சி நடந்து அடக்கப்பட்டது. 1609க்கும் 1614க்கும் இடையே ஏறத்தாழ 3,00,000 மொரிஸ்கோக்கள் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் பலர் மூன்று நான்கு தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். உள்ளத்தாலும் கிறித்தவரானோர் உண்டு. கைக்குழந்தைகளை என்செய்வது என்று இறையியலாளர்கள் விவாதித்தனர். குழந்தைக்கு நம்பிக்கை ஏது? குருதி மட்டுமே உண்டு.

நாடுகடத்தல் நடந்துகொண்டிருந்த 1611இல் கோவரூபியாஸ் தொகுத்த காஸ்டிலிய அகராதி வெளிவந்தது. அதில் ‘ராஸா’ என்ற சொல்லுக்குத் தரப்பட்ட பொருள் ஆராயத்தக்கது. சூடு போட்டு அடையாளமிடப்படும் உயர்சாதிக் குதிரை என்பது முதற்பொருள். துணியில் மற்ற இழைகளினின்றும் மாறுபட்டுத் தெரியும் இழை என்பது இன்னொன்று. மனிதக் குலவழியில் வரும்போது அச்சொல் தீய பொருளுடையது, மூரின் ராஸா, யூதரின் ராஸா இருப்பது போல என்று விளக்கம் முடிகிறது. ஐரோப்பிய மொழிகளில் இனத்தைக் குறிக்க இன்று வழங்கும் சொல்லின் உடன்பிறப்பு இது. அச்சொல் மனிதர்மேல் ஏறியபோது முதலில் சுட்டியவர்களுள் நாமும் இருந்தோம். நிறத்தால் அன்று, முன்னோரால்.

நிறம் அட்லாண்டிக்கின் மறுகரையில் சேர்ந்தது. ஆங்கிலக் குடியேற்றமான வர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்ற பெண், தம் தந்தை ஆங்கிலேயர், தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்று காட்டி 1656இல் விடுதலை பெற்றார். அதாவது, இரண்டு வாசல்கள் அப்போது திறந்திருந்தன. 1662ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையின் நிலை தாயின் நிலையே என்றது. தந்தை வழி அடைபட்டது. 1667ஆம் ஆண்டுச் சட்டம், ஞானஸ்நானம் அடிமை நிலையை மாற்றாது என்றது. சமய வழி அடைபட்டது. 1691இல் வெள்ளையர் கறுப்பரை மணப்பது நாடுகடத்தத்தக்க குற்றமாயிற்று. நம் ஃபிக்ஹில் எசமானனுக்கு அடிமைப்பெண் ஈன்ற பிள்ளை சுதந்திரன், வாரிசுரிமை உடையவன். தாயை அதன்பின் விற்கலாகாது. அப்பாசியக் கலீபாக்களில் பெரும்பாலோர் அத்தகைய தாயரின் மக்களே. இந்த வேறுபாடு பெரிது. அதனைச் சொல்லும் நாம், சவூதி அரேபியா 1962இலும் மவுரித்தானியா 1981இலுந்தான் அடிமைமுறையை ஒழித்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னும் சொல்லக் கூசும் ஒரு செய்தி உண்டு. வர்ஜீனியாவில் சட்டங்கள் இயற்றப்பட்ட அதே தலைமுறையில், ஒரு முஸ்லிம் நாட்டிலும் வாசல் அடைபட்டது. மொரோக்கோவை 1672 முதல் 1727 வரை ஆண்ட மௌலாய் இஸ்மாயீல் கறுப்பர் படையொன்றைத் திரட்டினார். அடிமைகள் போதாமையால், ‘ஹராத்தீன்’ எனப்பட்ட சுதந்திரமான கறுப்பு முஸ்லிம்களையும் ஊர் ஊராகக் கணக்கெடுத்துப் பதிவேட்டில் சேர்த்தார். அவர்களுடைய முன்னோர் எப்போதோ அடிமைகளாய் இருந்திருப்பர் என்பதே காரணம். நிறமே அதற்குச் சான்று. கலிமா சொன்னவரை அடிமையாக்கலாகாது என்பதில் எந்த மத்ஹபுக்கும் ஐயமில்லை. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே, 1615இல், திம்புக்துவின் அறிஞர் அஹ்மத் பாபா தம் ‘மிஃராஜுஸ் ஸுஊத்’ என்ற ஃபத்வாவில் இதனைத் தெளிவாக்கியிருந்தார்: அடிமையாக்கலுக்குக் காரணம் இறைமறுப்பே, நிறமன்று. அவரே மொரோக்கோப் படைகளால் சிறைபிடிக்கப்பட்டு மர்ராகுஷுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். மௌலாய் இஸ்மாயீல் ஃபாஸ் நகர உலமாக்களிடம் தம் பதிவேட்டுக்கு ஒப்புதல் கேட்டார். அப்துஸ் ஸலாம் ஜஸ்ஸூஸ் என்ற ஆலிம் மறுத்தார். 1709இல் அவர் கொல்லப்பட்டார். மால்கம் எக்ஸின் கடிதத்தை எத்தனையோ முறை மேற்கோள் காட்டிய நம் இதழ்களில் ஜஸ்ஸூஸின் பெயரை நாம் கண்டதில்லை. சட்டம் தெளிவாக இருந்தும் அரசு அதனை மீறியது என்பதும், சட்டம் தெளிவாக இருந்ததால்தான் ஒருவரால் மறுக்க முடிந்தது என்பதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள். லூயிஸ் ஒன்றை விடுவார், நாம் மற்றொன்றை.

சட்டம் முன்னே சென்றது; அறிவுத்துறை பின்னே வந்தது. பாரிஸ் அறிஞரின் இதழ் ஒன்றில் 1684 ஏப்ரல் 24 அன்று பெயரிடப்படாத ஒரு கட்டுரை வெளிவந்தது. பூமியை நாடுகளாகப் பிரிக்காமல் மனித வகைகளாக, ‘ராஸ்’களாகப் பிரிக்கலாம் என்றது. எழுதியவர் ஃபிரான்சுவா பெர்னியே. நம் வரலாற்று நூல்களில் பழகிய பெயர். 1658 அளவில் இந்தியாவுக்கு வந்து, ஏறத்தாழ பத்தாண்டுக்காலம் தங்கி, ஔரங்கசீபின் அரசவைப் பிரபு தானிஷ்மந்த் கானிடம் மருத்துவராகப் பணிசெய்தவர். அவருடைய பகுப்பில் ஐரோப்பியர், வடஆப்பிரிக்கர், அரபியர், பாரசீகர், இந்தியருள் பெரும்பகுதியினர் யாவரும் ஒரே வகை. தம்மை ஆதரித்தோரை அவர் தம் வகையிலேயே சேர்த்துக்கொண்டார் போலும்! இந்தியரின் கருமை வெயிலால் வந்தது, தற்செயலானது என்றார். ஆப்பிரிக்கரின் கருமையோ இயற்கையானது. குளிர்நாட்டுக்குக் கொண்டுசென்றாலும் பிள்ளைகள் கறுப்பாகவே பிறப்பர். காரணத்தை அவர்களுடைய வித்திலோ குருதியிலோ தேட வேண்டும் என்றார். லாப் மக்களைத் தனிவகையாக்கி அவலட்சணமானோர் என்று தீர்ப்பளித்த அவர், தாம் கண்டது டான்சிக் நகரில் இருவரை மட்டுமே என்றும் ஒப்புக்கொள்கிறார். கட்டுரையின் பிற்பாதி எந்நாட்டுப் பெண்கள் அழகியர் என்ற ஆராய்ச்சி.

இவ்வளவு மெலிந்த கட்டுரையை வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1377க்கும் 1684க்கும் இடையே கேள்வி ஒன்றே: தெற்கத்தியர் வடக்கே சென்றால் அவருடைய பேரர் என்ன ஆவர்? இப்னு கல்தூன் நிலம் அவரை மாற்றும் என்றார். பெர்னியே வித்து அவரை மாறவிடாது என்றார். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் தொலேதோவின் சட்டமும், மொரிஸ்கோக்களின் வெளியேற்றமும், அடிமைக் கப்பல்களும் நிகழ்ந்திருந்தன. பின்னர் லின்னேயஸ் மனிதரை நான்காக வகுத்ததும், புளூமன்பாஹ் 1795இல் ‘காகசியர்’ என்ற பெயரை நிலைநிறுத்தி ஐந்தாக்கியதும் பாடநூல்களில் உள்ளவை. புளூமன்பாஹே இவ்வகைகள் ஒன்றினுள் ஒன்று கரைந்து செல்வன, மனிதகுலம் ஒன்றே என்று வற்புறுத்தினார். அவருடைய எச்சரிக்கையை விட்டு அட்டவணையை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது.

அந்த அட்டவணை நம் கரைக்கும் வந்தது. ‘மூர்’ என்ற ஐபீரியச் சொல்லைப் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் தம் கப்பல்களில் கொண்டுவந்து, மலபாரிலும் இலங்கையிலும் தாம் கண்ட முஸ்லிம்களுக்கெல்லாம் சூட்டினர். கோவரூபியாஸின் அகராதியில் துணியின் பழுதிழையாய் இருந்த அதே மூர். தமிழில் நம்மவர்க்குச் ‘சோனகர்’ என்ற பழம்பெயர் இருந்தது. பிரித்தானியர் ஆட்சியில் குடிக்கணக்கெடுப்பு வந்தபோது மூர் என்பது சிங்களவர், தமிழர் என்பவற்றோடு ஓர் இனப்பெயராகப் பதிவுற்றது.

1888இல் சட்டசபையின் தமிழ் உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன், ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியல் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். மொழி, வரலாறு, வழக்காறு, உடற்தோற்றம் ஆகியவற்றைக் காட்டி, காயல்பட்டினத்திலிருந்து வந்த இவர்கள் இனத்தால் தமிழர், சமயத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்று முடிவுகட்டினார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. மறு ஆண்டே எம். சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு எழுதிய மறுப்பு நூலாக வெளிவந்தது. தம் முன்னோர் ஹாஷிம் குலத்து அரபியர், உமையாக் கலீபாவின் கொடுமைக்குத் தப்பிக் கடல் கடந்தோர் என்பது அவருடைய வாதம்.

அரசியலில் அப்துல் அஸீஸின் அச்சம் நியாயமானது. இராமநாதனின் முடிவு ஏற்கப்பட்டிருந்தால் ஒரு சமுதாயம் தன் குரலை இழந்திருக்கும். ஆனால் விமர்சன நோக்கில் படிக்கும்போது இரு நூல்களும் ஒரே தளத்தில் நிற்பது தெரிகிறது. ஒரு மக்கட்கூட்டம் உரிமை பெற வேண்டுமானால் அது ஓர் இனமாக இருத்தல் வேண்டும் என்ற ஆட்சியாளரின் நிபந்தனையை இருவரும் கேள்வியின்றி ஏற்கின்றனர். இராமநாதன் சமயம் மாறினாலும் குருதி மாறாது என்றார். தொலேதோவின் சட்டமும் அதனையே சொன்னது. அப்துல் அஸீஸ் நம் குருதி வேறு என்று பதிலளித்தார். இஸ்லாத்தைத் தழுவியதாலேயே ஒருவர் இந்தச் சமுதாயத்தின் முழு உறுப்பினராகிவிடுகிறார், அதற்கு மக்காவிலிருந்து வம்சாவளி தேவையில்லை என்ற எளிய மறுமொழி அவருக்குக் கிட்டவில்லை. கிட்டியிருந்தாலும் இனம் கேட்கும் பத்தியில் எழுதக்கூடிய மறுமொழியன்று அது. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அவர்களை இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று மேலும் இரண்டாகப் பிரித்தது. நான்காண்டுகளில், 1915 கலவரத்தில், ‘கரையோரச் சோனகர்’ என்ற பெயரில் தமிழகக் கரையிலிருந்து சென்ற வணிகர்களே முதன்மையாகத் தாக்கப்பட்டனர்.

அந்த விவாதத்தில் தந்தையர் அனைவரும் எண்ணப்பட்டனர். சோனகர் யாவர்க்கும் தமிழைத் தந்த தாயர் எந்த நிலத்தவர், எப்போது கலிமா சொன்னவர் என்பதை அதே அக்கறையுடன் எவரும் எழுதவில்லை. அவ்விரு நூல்களும் அச்சேறிய நாட்களில் காயல்பட்டினத்திலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும், மணமுடித்த ஆண் பெண்வீட்டுக்குக் குடிபோய்க் கொண்டிருந்தான்; வீடு மகளுக்கே எழுதப்பட்டுக் கொண்டிருந்தது.